தமிழ் தெரிந்த சோதனை நூலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் இருந்து நாங்கள் நான்கு பேர் பராமரிக்கும், பைதன் என்ற நிரல்மொழிக்கான நூலகம் (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பு) பற்றிய பக்கம் இது. தானியங்கிச் சோதனை எழுதுகிறவர்களுக்கு, முக்கியமாகத் தமிழோடும் இலங்கைத் தரவுகளோடும் வேலை செய்யும் மென்பொருளைச் சோதிப்பவர்களுக்கு, தேவையான கருவிகள் இதில் இருக்கின்றன. அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் கம்பசில் படிக்கிற பிள்ளைகள், கொழும்பில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை நான் எழுதினேன், மற்ற மூவரும் வாசித்துத் திருத்தினார்கள்.

இப்போதுதான் நிரல் எழுதப் பழகுகிறேன். தானியங்கிச் சோதனை என்றால் என்ன?

நெல் வாங்கும் கடை ஒன்றுக்கு நீங்கள் நிரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஈரப்பதம் 14 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் முழு விலை, கூடினால் குறைத்த விலை. 13க்கும் 15க்கும் நிரல் சரியாகவே கணக்குப் போடும். சரியாக 14 வந்தால் என்ன செய்யும்? பிழை பெரும்பாலும் அந்த வரம்பில்தான் இருக்கும். நிரலில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்று எண்ணையும் அடித்துப் பார்க்கலாம், ஆனால் ஒரு கிழமைக்கு மேல் யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பார்வையையே ஒரு சிறு நிரலாக எழுதிவிட்டால் கணினி அதை ஒரு கணத்தில் பார்த்துச் சொல்லும். எல்லாம் சரியென்றால் பச்சை, எங்காவது பிழையென்றால் சிவப்பு.

பைடெஸ்ட் இருக்கிறதே, இது எதற்கு?

பைடெஸ்ட்டுக்கு மாற்றாக இது எழுதப்படவில்லை, அதன் மேல்தான் ஓடுகிறது. சோதனைகளைக் கண்டுபிடிப்பது, ஓட்டுவது, முடிவைச் சொல்வது எல்லாம் பைடெஸ்ட்டின் வேலை. தமிழ் எழுத்தை ஒப்பிடுவது, மணிக்கூட்டை நிறுத்திவைப்பது (சோதனை ஓடும்போது நேரத்தை ஒரே கணத்தில் வைத்திருப்பது), இலங்கைக்கு ஏற்ற போலித் தரவு ஆக்குவது ஆகிய மூன்றும் எங்கள் வேலை.

தமிழை ஒப்பிடத் தனிக்கருவி ஏன்? இரண்டு சொல்லும் ஒன்றா என்று கேட்டால் போதாதா?

போதாது. இந்த நூலகம் பிறந்ததே இந்தக் கேள்வியில் இருந்துதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிளிநொச்சி என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து: கி, ளி, நொ, ச், சி. யூனிகோடில் அது 10 குறிகள், ஏனென்றால் மெய்யும் அதன் உயிர்க்குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மொத்தம் 30. ஆனால் 'நொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்து எழுதினால் அதே ஊர் 11 குறி, 33 பைட். திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. 30 பைட்டுக்கு இடம் ஒதுக்கிய தரவுத்தளத்தில் ஒன்று முழுதாக ஏறும், மற்றது ஏறாது. தேடினாலும் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

இது இலேசான பக்கம். யூனிகோடின் இயல்பாக்க விதிப்படி ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம், பைதனோடு வரும் கருவியே அதைச் செய்யும்.

கஷ்டம் ஔகாரத்தில் இருக்கிறது. கௌரி என்ற பெயரை எத்தனையோ பேர் க, கொம்பு, பிறகு ள என்ற முழு எழுத்து என்று தட்டுகிறார்கள். வருவது கெளரி. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் கணினிக்கு அது க, எகரக்குறி, ள, ர, இகரக்குறி. எந்த இயல்பாக்க விதியும் இதைச் சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. ஏனென்றால் கெளிறு என்ற மீனும் இருக்கிறது. அதிலே ள உண்மையான ள. எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கினால் பெண்பிள்ளையின் பெயர் திருந்தும், மீனின் பெயர் கெடும். ஆகவே எங்கள் கருவி தானாக எதையும் மாற்றாது. ஒப்பீடு தோற்கும்போது, "இந்த இடத்தில் ஒன்றில் ஔகாரக்குறி, மற்றதில் எகரக்குறியும் ள-வும்" என்று தமிழில் சொல்லும். முடிவெடுப்பது நீங்கள்.

இன்னொன்று பாமினியில் இருந்து வருவது. நம் ஊர் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள் மலைபோல இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது 'அவர்' என்பதன் கடைசி எழுத்து ரகர மெய்யாக இல்லாமல், கால் போட்டு அதன் மேல் புள்ளி வைத்ததாக அடிக்கடி வந்துவிடும். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரும் இடமே கிடையாது என்பதால் இதை மட்டும் எங்கள் கருவி துணிந்து பிழை என்றே அறிவிக்கும். ஶ்ரீயிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஶ என்ற எழுத்து 2005இல் யூனிகோட் 4.1இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் எழுதியவை எல்லாம் ஸ-வோடு இருக்கும்.

குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி. கண்ணால் எண்ணி 70 எழுத்து என்று அனுப்பினால் அது இரண்டு செய்தியாகி இரண்டுக்கும் காசு போகும். எண்ணுவதற்கான கருவியும் நூலகத்தில் இருக்கிறது.

உண்மையான தேசிய அடையாள அட்டை எண்களை வைத்துச் சோதிக்கலாமா?

கூடாது. நண்பரின் எண்ணோ அம்மாவின் எண்ணோ, சோதனைக் கோப்பில் ஒருமுறை ஏறி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்துக்குப் போனால் திரும்ப எடுக்க முடியாது. வன்னியில் இடம்பெயர்வுகளின்போது அடையாள அட்டையைத் தொலைத்து, பிறகு அதை எடுக்க வருசக்கணக்காக அலைந்தவர்கள் இல்லாத வீடு குறைவு. அந்த எண்ணின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். உண்மையான எண் உள்ள எந்தப் பங்களிப்பையும் நாங்கள் சேர்ப்பதில்லை.

அதற்குப் பதில் போலி எண் ஆக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பழைய எண் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இல் இருந்து வரும் புதியது 12 இலக்கம். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும் எண்ணுக்குள்ளேயே இருக்கும், பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டப்படும். பலர் வழுக்கி விழுவது அடுத்ததில்: நாட்கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1990 நெட்டாண்டு இல்லை, ஆனாலும் அந்த ஆண்டு மார்ச் 1இல் பிறந்த ஆணின் நாள் எண் 060 அல்ல, 061. பைதனின் நாட்காட்டியை அப்படியே நம்பி எழுதிய நிரல், நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களை ஒருநாள் பிந்திப் பிறக்க வைக்கும். ஜனவரியில் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. எங்கள் கருவி பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 மூன்றையும் கேட்காமலே தரும்.

யாருக்கும் உரியதாக இருக்கக்கூடாது என்பதற்காக, ஆண்டு எதுவும் சொல்லாவிட்டால் 1800களில் பிறந்தவர்களின் எண்களையே ஆக்குவோம். உங்கள் நிரல் அதை ஏற்காவிட்டால் ஆண்டை நீங்களே கொடுக்கலாம். அப்போது அந்த எண் உண்மையில் ஒருவரிடம் இருக்கக்கூடும் என்பதால், அறிக்கையில் பாதியை மறைத்தே அச்சிடும்.

நேரவலயத்தை "கொழும்பு" என்று வைத்தால் எல்லாம் சரிதானே?

இன்றைய நேரத்துக்குச் சரி. 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட வன்னித் தரவுகளுக்குப் பிழை.

1996இல் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. அப்படியே கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் என்று 2006 ஏப்ரல் வரை இருந்து, பிறகு பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை, அங்கே ஐந்தரைதான் தொடர்ந்தது. ஆகவே 1999இல் கிளிநொச்சிப் பக்கம் காலை 8:00 என்று ஒரு குறிப்பு இருந்தால், அதே கணம் கொழும்பில் 8:30.

கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்தில் கொழும்புக்கு ஒரு வரலாறுதான் உண்டு. வன்னிக்கென்று தனி வலயம் இல்லை. பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இந்த அரை மணித்தியாலம் பேசாமல் நுழைந்துவிடும். பதிவின் நேரம் பிசகினால் என்ன வந்துவிடும் என்று ஒரு பிள்ளை கேட்டார். ஜாதகம் கணிக்கும் மென்பொருள் எழுதுகிறவரைக் கேளுங்கள். ஒரு இலக்கினம் சுமார் இரண்டு மணித்தியாலம், அரை மணித்தியாலம் தவறினால் நாலில் ஒரு பங்கு பிழைக்கிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கே பிறந்தவர்களுக்குத்தான் இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்காமல் எழுதிய குறிப்பு பிழைக்கலாம்.

ஆகவே நூலகத்தில் நிலையான ஐந்தரை நேரத்தையும் கொழும்பு நேரத்தையும் தனித்தனியே வைத்திருக்கிறோம், சோதனையில் இரண்டில் ஒன்றை நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். இயல்பான தெரிவு என்று ஒன்றை வைக்கவில்லை. அந்தப் பதிவை எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்பது கணினிக்குத் தெரியாது, வீட்டு ஆட்களைத்தான் கேட்கவேண்டும்.

என் சோதனை சிலவேளை பச்சை, சிலவேளை சிவப்பு. திரும்ப ஓட்டினால் சரியாகிறது. விட்டுவிடலாமா?

விட்டால் அடுத்த கிழமை உண்மையான சிவப்பையும் நீங்கள் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவீர்கள். இரண்டு மாதத்தில் குழுவில் யாருமே சிவப்பைப் பார்க்க மாட்டார்கள்.

எங்களுக்கே நடந்தது. ஒரு சோதனை என் மடிக்கணினியில் எப்போதும் பச்சை, நிரலை அனுப்பியதும் சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப்பில் சில நாட்களில் சிவப்பு. பல நாள் காரணம் பிடிபடவில்லை. சிவப்பானவற்றின் நேரங்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது, எல்லாமே நான் நடுச்சாமத்துக்குப் பிறகு அனுப்பியவை. இரவு டேட்டா மலிவு என்பதால் அப்போதுதான் நான் அனுப்புவேன். அங்குள்ள கணினி கிரீனிச் நேரத்தில் ஓடுகிறது. எங்களுக்கு இரவு 12 மணியில் இருந்து விடிய 5:30 வரை அங்கே இன்னும் நேற்றைய திகதி. சோதனை "இன்று" என்று இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்டிருந்தது. அன்றிலிருந்து, மணிக்கூட்டை நிறுத்தாமல் இன்றைய திகதியைக் கேட்கும் எந்தச் சோதனையையும் நூலகம் தடுத்துவிடுகிறது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சோதனை விட்டுச்சென்ற கோப்பை அடுத்தது நம்பியிருப்பது. இரண்டு செக்கன் பொறுத்தால் போதும் என்று நினைத்துப் பொறுப்பது. இணையத்தைத் தொடுவது. எங்கள் சோதனைகள் இணையத்தை முழுதாக மூடிவிட்டுத்தான் ஓடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை நான் சொல்லத் தேவையில்லை.

சோதனை நூலகத்தில் பிழை இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது?

இரவில் என்னை விழிக்க வைக்கும் கேள்வி இது. மற்ற நூலகத்தில் பிழை வந்தால் நிரல் உடையும், ஆட்கள் கத்துவார்கள், திருத்துவோம். எங்கள் நூலகத்தில் ஒருவகைப் பிழை வந்தால் ஒருவரும் கத்தமாட்டார்கள். சிவப்பாக வேண்டியது பச்சையாகும், எல்லோருக்கும் சந்தோசம்.

ஒருமுறை நாங்கள் அப்படிச் செய்தோம். எழுத்தொப்பீட்டில் சிறு வசதி ஒன்றைச் சேர்த்தபோது, இரண்டு பக்கமும் வெற்றுச்சொல்லாக இருந்தால் அதையும் சரி என்று எடுத்துக்கொண்டது. ஒருவருடைய நிரலில் பெயர் ஏறவேண்டிய இடம் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தது, எதிர்பார்த்த விடையை வாசிக்கும் கோப்பும் தற்செயலாக வெறுமை. இரண்டு மாதம் அவருக்குப் பச்சை. அவர் எழுதிய கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லை, அதுதான் கூட நொந்தது.

அதன் பிறகு எங்கள் ஒழுங்கு இது. எந்தத் திருத்தமும் முதலில் சிவப்பாகும் ஒரு சோதனையோடு வரவேண்டும். சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருத்தம். எங்கள் கருவி ஒவ்வொன்றுக்கும் "இது தோற்கவேண்டிய நேரத்தில் தோற்கிறதா" என்று தனிச் சோதனை உண்டு. பைடெஸ்ட்டுக்குள்ளேயே இன்னொரு பைடெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துகிறோம். வெளியீட்டுக்கு முன் நிரலை வேண்டுமென்றே ஒவ்வோர் இடமாகக் கெடுத்தும் பார்க்கிறோம். நெல்லுக் கணக்கில் "14உம் அதற்குக் குறைவும்" என்பதை "14க்குக் குறைவு" என்று மாற்றிவிட்டு ஓட்டினால் ஏதாவது ஒரு சோதனை சிவப்பாக வேண்டும். ஆகாவிட்டால் வரம்பை யாரும் காவல் காக்கவில்லை என்று அர்த்தம். சோதனைகள் எத்தனை சதவீத வரிகளைத் தொட்டன என்ற கணக்கை விட இது எவ்வளவோ மேல். தொட்ட வரி எல்லாம் பார்த்த வரி ஆகாது.

பழைய பைதனில் ஓடுமா?

பைதன் இப்போது ஆண்டுதோறும் ஒக்டோபரில் ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. அவர்கள் கைவிட்டால் நாங்களும் கைவிடுவதே விதி. 3.8இல் மட்டும் தயங்கினோம். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு அதுதான், சில பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இன்னும் விண்டோஸ் 7 கணினிகளில் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆனால் நேரவலயக் கருவி பைதனுக்குள் வந்தது 3.9இல், இரண்டுக்கும் இரண்டு வழி எழுதிப் பராமரிக்க நால்வரால் முடியவில்லை. 3.8 ஆதரவு 2024 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கான எங்கள் கடைசி வெளியீடு அப்படியே இருக்கிறது. விடை பிழைக்கும் வழு வந்தால் மட்டும் திருத்துவோம், புதிய வசதி வராது.

மற்றவர்கள் எழுதிய இத்தனை நல்ல பொதிகள் (ஆயத்த நிரல்கள்) இருக்க, ஏன் எதையும் சேர்க்க மறுக்கிறீர்கள்?

எங்கள் நூலகம் நம்பியிருப்பவை இரண்டுதான்: பைடெஸ்ட், விண்டோஸுக்கு மட்டும் நேரவலயத் தரவுப் பொதி. அவ்வளவுதான். 2016இல் ஜாவாஸ்கிரிப்டில் 11 வரிப் பொதி ஒன்றை எழுதியவர் எடுத்துவிட, அதை நம்பியிருந்த நிரல்களை உலகெங்கும் உருவாக்க முடியாமல் போனது. அதோடு, இங்கே கைத்தொலைபேசி டேட்டாவில் நிறுவுகிறவர்களுக்கு ஒவ்வொரு மெகாபைட்டும் காசு.

நான் அனுப்பிய இருமக் கோப்பை (பைனரி, கண்ணால் வாசிக்க முடியாத கோப்பு) ஏன் ஏற்கவில்லை?

உங்கள் மீது சந்தேகம் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கல் நூலகத்தில் பின்கதவு ஒன்று அகப்பட்டது. அதன் நச்சு ஒளிந்திருந்தது சோதனைக் கோப்புகளுக்குள், பார்த்தால் வெறும் பழுதான கோப்புகள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், தொலைகணினிக்குள் நுழைய வழக்கத்தை விட அரைச் செக்கன் கூடப் பிடிக்கிறதே என்று தோண்டிப் போய் அதைக் கண்டுபிடித்தார். வைத்தவர் அதற்கு முன் ஆண்டுக்கணக்காக நல்ல பங்களிப்புகள் செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் நம்பிக்கை பெற்றவர். ஆகவே சோதனைத் தரவு எங்களிடம் வாசிக்கக்கூடிய எழுத்தாக இருக்கவேண்டும், அல்லது அதை ஆக்கும் நிரலாக இருக்கவேண்டும்.

பெயர் பிடிக்காத செயற்கூறு (பங்ஷன்) ஒன்று இருக்கிறது. மாற்றலாமா?

பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் மாற்ற மாட்டோம். பிழையான பொருள் தரும் பெயர் என்றால் பழையதையும் புதியதையும் ஓராண்டு சேர்த்து வைத்து, பழையதை அழைக்கும்போது எச்சரித்து, பெரிய பதிப்பில்தான் எடுப்போம்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய சோதனையை அனுப்பலாமா?

அனுப்பலாம். இது எந்தப் பிழையைப் பிடிக்கும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள், நிரலை அப்படிக் கெடுத்து அது சிவப்பாவதையும் காட்டுங்கள். இரண்டும் இல்லாமல் வந்தவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பங்களிக்க விருப்பம். ஆங்கிலம் சரளம் இல்லை.

தமிழில் எழுதுங்கள். நாங்கள் தமிழிலேயே பதில் எழுதுவோம், தேவையென்றால் ஆங்கிலத்தில் சுருக்கமும் சேர்ப்போம். "வேலை செய்யேல்லை" என்று மட்டும் எழுதாமல், என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். தமிழ்ச் சொல்லைப் படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்தில் கௌ எது கெள எது என்று எங்களுக்கும் தெரியாது.

முதல் வேலையாக மற்றவர் அறிவித்த வழு ஒன்றை உங்கள் கணினியில் வரவைத்துப் பாருங்கள். நிரல் ஒரு வரி எழுதாவிட்டாலும் அது பெரிய உதவி. இரண்டு கிழமைக்குள் பதில் வரும். காலபோக அறுவடை நேரம் மட்டும் கொஞ்சம் பிந்தும், எங்களில் இருவர் வயல்காரர்.

காசு கொடுத்து வேண்டிய வசதியைச் செய்விக்கலாமா?

எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, எடுத்து நீங்களே செய்யலாம். காசுக்காக வரிசையை மாற்றுவதில்லை.

நீங்கள் நால்வரும் விட்டுப்போனால்?

நியாயமான பயம். இங்கே படித்தவர்கள் வெளிநாடு போவது புதிதல்ல, எங்களில் ஒருவர் இப்போது கனடாவில் இருந்தபடிதான் திருத்தங்களைப் பார்க்கிறார். வெளியிடும் உரிமை மூவரிடம் இருக்கிறது, ஒருவர் மட்டும் நினைத்தால் வெளியிட முடியாதபடி இரண்டு பேரின் ஒப்புதல் தேவை. 2024 தொடக்கத்தில் இருந்து, பைதன் பொதிகளை வெளியிடும் களஞ்சியமான பைப்பி எல்லோரிடமும் இரட்டைச் சரிபார்ப்பைக் கேட்கிறது. அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம், ஒன்று கிளிநொச்சியில், ஒன்று வவுனியாவில். வெளியிடுவது எப்படி என்ற குறிப்பு தமிழில் படிப்படியாக இருக்கிறது. போன முறை அதை வாசித்து, எங்கள் ஒப்புதலோடு வெளியீட்டு வேலையைச் செய்தவர் எங்கள் நால்வரில் ஒருவர் அல்ல, கம்பசில் மூன்றாம் வருடம் படிக்கும் தங்கச்சி. அவர் திகைத்து நின்ற இரண்டு இடங்களையும் குறிப்பில் திருத்திவிட்டோம்.